துலுக்கானம் கண் திறந்த படம்

டில்லிபாபுவுக்கு வந்திருப்பது கேமராப் பிரச்சினை என்றுதான் அவன் கூட்டாளி முகமது ஆசிக் நினைத்துக்கொண்டிருந்தான். அது கல்யாணப் பிரச்சினை. கேமரா குறுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே அவர்களுடைய ஸ்டுடியோ. டில்லிபாபு படம் எடுப்பான், ஆசிக் ஆல்பம் போடுவான். அன்றைக்கு மேஜைமேல் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று டில்லிபாபுவின் பழைய டிஎஸ்எல்ஆர். ஆவடி வட்டாரத்தில் பாதிப் பேரின் தாலிகட்டைப் பார்த்த கேமரா அது. தூக்கித் தூக்கி டில்லிபாபுவின் ஒரு தோள் இறங்கியே போயிருந்தது. இன்னொன்று வாடகைக்கு வந்த மிரர்லெஸ். பெரியதற்குப் பக்கத்தில் வைத்தால், அதற்குப் பிறந்த பிள்ளை போல இருந்தது.

"மாமே, சொன்னா கேளு. பெர்சையே எட்துகினு போ," என்றான் ஆசிக். "இத்தக் கைல வெச்சிகினு நின்னா உன்ன எவன் போட்டோகிராபர்ன்னு நம்புவான்? எவனோ சொந்தக்காரப் பையன்னு சாம்பார் வாளியக் குடுத்து பந்திக்கு அனுப்பிருவாங்க."

"பெர்சு சத்தம் போடுது மச்சான்."

"போடட்டுமே! டக்குன்னு சத்தம் வந்தாதான் படம் உயுந்துச்சின்னு சனம் நம்பும்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். பெரியதன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது எகிறி மேலே அடித்துவிட்டுக் கீழே இறங்கும். அந்தச் சத்தம்தான் டக். சின்னதில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சத்தத்தை அணைத்து வைத்துவிட்டால், நூறு படம் எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. அதோடு, முகத்துக்கு நேரே நீட்டினால் அதுவே கண்ணைத் தேடிப் பிடித்து, கண்மேல் ஒரு குட்டிக் கட்டம் போட்டுக் காட்டும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் என்பதைக் கேட்டதும்தான் டில்லிபாபுவுக்கு உசிரே வந்தது.

யாருடைய கண் என்று கேட்பீர்கள். துலுக்கானத்தின் கண்.

துலுக்கானம், நிஷாவின் அப்பா. நிஷா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பெண். அவள் கம்பெனி ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்கப் போன டில்லிபாபு, விழாவை விட்டுவிட்டு அவளையே எடுத்து வந்து ஆசிக்கிடம் திட்டு வாங்கியது பழைய கதை. அவளும் சிரித்துவிட்டாள். பிரச்சினை அப்பாவிடம் இருந்தது.

துலுக்கானம் திருமழிசையில் ஒரு தகரம் அடிக்கும் கம்பெனியில் காலமெல்லாம் பிரஸ் மிஷின் ஓட்டியவர். மேலிருந்து இரும்பு இறங்கி டக்கென்று அடிக்கும். அடிக்கும் நேரத்தில் தகரத் தூள் பறக்கும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்படி மூடி மூடி அவருடைய கண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. உலகத்தில் எங்கே டக்கென்று கேட்டாலும் அது மூடிக்கொள்ளும். கல்யாணப் படத்தில் மூடியிருக்கிறார். மகளை முதன்முதலாகக் கையில் வாங்கிய படத்தில் மூடியிருக்கிறார். ஆதார் அட்டைக்குக் கேமராவில் சத்தமே கிடையாது என்று நம்பிப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவன் கீபோர்டை ஓங்கித் தட்டினான். அதிலும் மூடியிருக்கிறார்.

போன வருடம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, நல்ல பேர் வாங்கலாம் என்று டில்லிபாபு தானே முன்வந்து படம் எடுத்தான். கழுத்தில் ரோஜா மாலை, தோளில் சால்வை, கண் மட்டும் இறுக்கமாக மூடியிருந்தது. இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி பெரிய பிளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டினார்கள். "பணி ஓய்வு பெறும் எங்கள் துலுக்கானம்" என்று எழுதியிருந்தது. நாசமாய்ப் போன வேப்பங்கிளை ஒன்று 'பணி'யை மறைத்துக்கொண்டு நின்றதை யார் கவனித்தார்கள்? மாலையும் கழுத்துமாகக் கண்ணை மூடிய மனிதர், கீழே 'ஓய்வு பெறும்' என்ற எழுத்து. பார்த்தவன் வேறு என்ன நினைப்பான்?

மத்தியானத்துக்குள் வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. துலுக்கானத்தின் அக்கா சுசீலா திருமழிசையிலிருந்து பஸ்ஸிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தது துலுக்கானம். லுங்கியோடு, பல்குச்சியோடு.

"நீ சாவலியா?" என்று கேட்டு, சாவுக்கு என்று வாங்கி வந்த மாலையாலேயே அவரை நாலு சாத்து சாத்தினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டில்லிபாபு என்ற பெயரை எடுத்தால் சோறு இறங்காது. போதாக்குறைக்கு, பெண் கேட்க ஆசிக்கைத் தூது அனுப்பினான் நம் ஆள். ஆசிக் நல்லவன்தான், வாய்தான் சரியில்லை. நிஷாவின் அம்மா பேபி கொடுத்த டீயை உறிஞ்சிவிட்டு, நெஞ்சில் கை வைத்து, "பையன் தங்கம் அண்ணாத்தே. கண்ண மூடிகினு பொண்ணு குடுக்கலாம்," என்றான்.

சமையலறையில் கரண்டி விழுந்தது. அந்த வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை அது.

"இன்னா சொன்ன?" என்று எழுந்தார் துலுக்கானம். "கண்ண மூடிகினா? ஊரே நான் கண்ண மூடிட்டேன்னு மாலை வாங்கினு வந்துச்சி, அது பத்தலியா? போய் அவங்கிட்ட சொல்லு. நான் கண்ணத் தொறந்துகினு கீற மாரி ஒரே ஒரு படம். அது என் புது ஊட்டு ஹால்ல மாட்டணும். அப்பால பொண்ணு பேச்சு பேசலாம். இல்லாங்காட்டி அந்த ஸ்டுடியோக்காரன் என் தெருவுல கால வெக்கக் கூடாது."

புது வீடு என்பது பாரிவாக்கத்தில் வாங்கிய மனையில் துலுக்கானம் கட்டிய வீடு. அதன் கிரகப்பிரவேசம் ஞாயிற்றுக்கிழமை. நிஷா சனிக்கிழமை போனில் பேசினாள்.

"நாளைக்குப் படம் எட்க்க உன்ன வுடணும்னு நைனாகிட்ட அய்து பர்மிஷன் வாங்கிகீறேன். பங்ஷன் முடிஞ்சதும் சுசீலா அத்தை சாயந்தரம் ஒரு மாப்ளய இட்டாருது. திருவள்ளூர் எடம். கண்ணு தொறந்து ஒரு படம் எட்க்க முடியாதா உன்னால?"

"முடியும் நிஷா."

"எந்தக் கேமரா?"

டில்லிபாபு இரண்டையும் பார்த்தான். பெரியது போனால் கண் மூடும். சின்னது போனால், 'எனக்கு இவ்ளோதான் மரியாதையா' என்று மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ரெண்டும்," என்றான். அந்தப் பதிலைக் கண்டுபிடித்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டான், பாவம்.

திட்டம் இதுதான். பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது, மரியாதைக்கு. அதில் பேட்டரியே கிடையாது. சின்னதைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் எடுத்துவிடுவது. ப்ளாஷ் கிடையாது, விளக்கை ஆசிக் தூக்கிப் பிடிப்பான்.

ஞாயிறு விடிந்தும் விடியாமல் வீட்டு வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். கோமாதா வந்து நின்றது. பேபி சாமி படத்தைத் தூக்கிக்கொண்டாள். சுசீலாவின் கையில் தாம்பாளம். அதில் மஞ்சள், குங்குமம், உப்பு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. துலுக்கானம் பட்டு வேட்டியில் பளபளவென்று இருந்தார்.

"சார், இங்க பாருங்க சார்," என்றான் டில்லிபாபு.

இந்த 'சார்' ஒரு தனிச் சங்கடம். ஆசிக் போல 'அண்ணாத்தே' என்று கூப்பிட்டால் நிஷா மகள் முறை ஆகிவிடுவாள். 'மாமா' என்று கூப்பிட்டால் பல் இருக்காது. ஆகவே பாரிவாக்கம் முழுக்க அவன் ஒருத்தன்தான் துலுக்கானத்தை 'சார்' என்றான்.

துலுக்கானம் நிமிர்ந்தார். கழுத்தில் தொங்கிய பெரிய கேமராவைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார். அடி விழப் போகிறது என்று தெரிந்துகொண்ட கண், அது விழும் முன்பே இறுக்கமாக மூடிக்கொண்டது.

மூடினது மூடினதுதான். சத்தம் வந்தால்தானே திறப்பார்? அதுதான் வராதே! டில்லிபாபு திரையைப் பார்த்தான். குட்டிக் கட்டம் துலுக்கானத்தின் முகத்தில் கொஞ்ச நேரம் தடுமாறியது. கண் ஒன்றும் அகப்படாமல் ஓரமாக நகர்ந்து, மாட்டின் கண்ணில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. மாடு அழகாகப் பார்த்தது.

"எட்தாச்சா?" என்றார் துலுக்கானம், மூடிய கண்ணோடு.

"ஆச்சி சார்."

"டபாய்க்காத. சத்தமே வரல?" அவர் கண்ணைத் திறந்து அவன் கையைப் பார்த்தார். "இது இன்னாடா, சோப்பு டப்பா?"

"மிரர்லெஸ் சார். புச்சு."

"அப்பிடின்னா?" என்றாள் சுசீலா.

ஆசிக் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணாடி இல்லாத கேமராம்மா," என்று விளக்கம் சொன்னான்.

"ஐயே! நல்ல நாளு அதுவுமா இல்லாத ஒண்ணயா எட்தாருவாங்க?" சுசீலா தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மங்களப் பொருளுடா கண்ணாடி! அத்த அப்பால கொண்டு போ."

நிஷா மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கண்ணாலேயே, 'இன்னா, முடியுமா முடியாதா?' என்று கேட்டாள். அப்போதுதான் டில்லிபாபுவுக்கு விஷயம் உறைத்தது. குற்றவாளி சத்தம் மட்டும் இல்லை, கழுத்தில் தொங்கும் இந்தப் பூதமும்தான். இதைப் பார்த்தாலே அந்தக் கண் பயப்படுகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அவன் வாரைத் தலைவழியே கழற்றி, பெரியதை ஆசிக்கிடம் நீட்டினான். "வண்டில வெச்சிட்டு வா மச்சான்," என்றான்.

ஆசிக் அவனைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

பெரியது போனதும் துலுக்கானத்துக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது. இவன் இனிமேல் போட்டோகிராபரே இல்லை, சோப்பு டப்பாவோடு சுற்றுகிற ஒரு பையன். அவனைக் கண்டுகொள்ளாமல் வேட்டியை இறுக்கிக்கொண்டு, "ஐயரே, நேரமாச்சி, உள்ள போலாமா?" என்றார். கண் சாதாரணமாகத் திறந்திருந்தது. ஆனால் முகம் எங்கேயோ இருந்தது. ஒரு தடவை முதுகு கிடைத்தது, ஒரு தடவை பேபியின் கொண்டை கிடைத்தது. டில்லிபாபு வலது பக்கம் ஓடினால் அவர் இடது பக்கம் திரும்பினார்.

மேளம் ஆரம்பித்தது. மாட்டை வாசற்படியை நோக்கி இழுத்தார்கள். அது நாலு எட்டு வைத்துவிட்டு, படிக்கு முன்னால் நின்று யோசித்தது. பின்னால் துலுக்கானம், பேபி, சாமி படம், தாம்பாளம். இதுதான் சமயம் என்று டில்லிபாபு எல்லாருக்கும் முன்னால் பாய்ந்தான். கல்யாணத்தில் ஊர்வலம் வரும்போது போட்டோக்காரன் எப்படி நடப்பான்? பின்பக்கமாகத்தான். கண் கேமராவில், கால் தன்பாட்டுக்கு. ஒரு அடி, இன்னொரு அடி. திரையில் துலுக்கானத்தின் முகம் வந்தது. குட்டிக் கட்டம் மாட்டை விட்டு மனமில்லாமல் எழுந்து அவர் பக்கம் நகர்ந்தது. இன்னும் ஒரே ஒரு அடி பின்னால் போனால் போதும்.

போனான். குதிகாலில் ஏதோ தட்டியது. தாண்டிவிட்டான்.

"ஐயையோ!" என்று சுசீலா அலறிய அலறலில் மேளக்காரர் கை அந்தரத்தில் நின்றது. "பூந்துட்டான்! சாமிக்கு முன்னாடி, மாட்டுக்கு முன்னாடி, கண்ணாடி இல்லாதத எட்துகினு, பின்னாலயே பூந்துட்டான்!"

டில்லிபாபு சுற்றிப் பார்த்தான். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அவன் வீட்டுக்குள் இருந்தான். வீட்டுக்காரர் வெளியே இருந்தார்.

துலுக்கானத்தின் கண் விரிந்தது. அதுவரை அப்படி விரிந்ததே இல்லை. இத்தனை வருடம் மூடி மூடி மிச்சம் பிடித்த பார்வையை எல்லாம் ஒரே மூச்சில் செலவழிக்கப் போவது மாதிரி விரிந்தது. குட்டிக் கட்டம் இரண்டு கண்ணிலும் மாறி மாறிக் குதித்தது. டில்லிபாபுவின் விரல் பயத்தில் பொத்தானை அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை.

"கொண்டாடா அந்த டப்பாவ!" துலுக்கானம் மாட்டைச் சுற்றி வந்து, படியில் நின்றபடியே எட்டிப் பிடுங்கினார். தரையில் அடிக்க ஓங்கினார். ஓங்கிய கையில், அப்போது எடுத்த படத்தோடு திரை அவர் முகத்துக்கு நேரே வந்தது.

கை அப்படியே இறங்கியது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் திரையையே பார்த்தார்.

"யார்ரா இது?"

"நீங்கதான் சார்."

"நானா?" அவர் தாம்பாளத்திலிருந்த கண்ணாடியை எடுத்து முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி, மறுபடி திரை. "பேபி! இங்க வா. எனக்குக் கண்ணு கீதுடி!"

"தெரியும்யா," என்றாள் பேபி, சாமி படத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "கட்டிகினு வந்த நாளா நான் அத்தத்தான பாத்துகினு கீறேன்."

துலுக்கானம் திருநீறு பூசிய நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கண்ணோரம் ஈரமாகிவிட்டது, புகை என்று சொல்ல அங்கே இன்னும் ஓமம்கூட மூட்டவில்லை. படம் நன்றாக இருந்ததா என்றால், இல்லை. வாய் பிளந்து, புருவம் ஏறி, விழி இரண்டும் வெளியே வந்து விழுவது போல இருந்தது. ஆனால் திறந்திருந்தது.

சுசீலா எட்டிப் பார்த்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினாள். "யம்மாடி! பயமா கீதே! இத்த ஹால்ல மாட்டுனா எவன்டா ஒக்காந்து சோறு துன்னுவான்?" பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. "வாசல்ல மாட்டு. இந்தக் கண்ணு அங்க இருந்துச்சின்னா எவன் கண்ணு ஊட்டு மேல படும்? பூசணிக்காகூட வாணாம்."

"அப்போ இவன்?" என்று டில்லிபாபுவைக் காட்டினார் துலுக்கானம். டில்லிபாபு இன்னும் வீட்டுக்குள்ளேயே, வெளியே வருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

சுசீலா அதையும் யோசித்தாள். "மொத மொதல்ல உள்ள பூந்தத வெளிய தொரத்தக் கூடாதுடா. ஊட்டுக்கு ஆவாது."

"சாயந்தரம் திருவள்ளூர் எடம் வருதே அத்தை?" என்று நிஷா மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"போன் பண்ணி வராதன்னு சொல்லு," என்றாள் சுசீலா எரிச்சலோடு. "அதான் ஒருத்தன் பூந்துகினானே!"

மாடு அதற்குள் யோசித்து முடித்துவிட்டு, தானாகப் படியேறி உள்ளே வந்தது.

அடுத்த ஆவணியில் அதே வீட்டு ஹாலில் நிச்சயதார்த்தம். வாசலில் துலுக்கானத்தின் விரிந்த கண் சட்டத்துக்குள் ஊரை மிரட்டிக்கொண்டிருந்தது. கொரியர்காரன் ஒருவன் பார்சலைக் கேட்டிலேயே வைத்துவிட்டு ஓடியதாகப் பேபி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டில்லிபாபு சொந்தமாகவே ஒரு மிரர்லெஸ் வாங்கிவிட்டிருந்தான். அன்றைக்கு அவன் மாப்பிள்ளை, தொடக் கூடாது. ஆசிக்தான் படம் எடுத்தான்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டைத் தூக்கிய துலுக்கானம், ஆசிக்கின் கையில் சின்னது இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அத்த உள்ள வெய். பெர்ச எடு."

டில்லிபாபு பதறிப்போனான். "மாமா, ஹால்ல மாட்டப் போற படம் மாமா. பெர்சு டக்குன்னு அடிக்கும்."

"தெரியும். இத்தினி நாளு அந்தச் சத்தத்தோடதான் குடும்பம் நட்த்துனேன்." துலுக்கானம் ஆசிக்கைப் பார்த்தார். "டேய், அன்னிக்கி என் டீயக் குடிச்சிகினு நீ இன்னா சொன்ன? எப்பிடிப் பொண்ணு குடுக்கலாம்ன?"

ஆசிக் பெரியதைப் பையிலிருந்து எடுத்தபடியே இழுத்தான். "கண்ண... வந்து... மூடிகினு அண்ணாத்தே."

"அப்பறம் இன்னா? எடு."

துலுக்கானம் தட்டை நீட்டினார். டில்லிபாபுவின் அம்மா வாங்கினாள். டக்கென்றது பெரியது.

ஆசிக் படத்தைக் காட்டினான். நிஷா சிரிக்கிறாள், பேபி அழுகிறாள், நடுவில் தட்டும் கையுமாகத் துலுக்கானம், கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டு.

"இன்னொண்ணு எட்க்கலாமா மாமா?" என்றான் டில்லிபாபு.

"எதுக்குடா? கரெக்டா வந்துகீது," என்றார் துலுக்கானம்.